தாழ்வுபாட்டின் மழைவெள்ளமும் ஒரு சிறு குளக்கட்டும்

ஆறொன்றும் ஓடாத ஊருக்கு வெள்ளம் எங்கிருந்து வரும் என்று, மன்னார்த் தீவைத் தேசப்படத்தில் மாத்திரம் கண்டவர்கள் கேட்கக்கூடும். வடபுறம் பாக்குவிரிகுடாவும் தென்புறம் மன்னார் வளைகுடாவும் அணைத்து நிற்க, தலைமன்னாரை நோக்கி வடமேற்காக நீண்டு கிடக்கும் மணல்நிலம் அது. அதன் தென்கரையில், மன்னார் நகரிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், கரைவலையையும் வள்ளத்தையும் நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் கத்தோலிக்க மீனவ மக்களின் ஊர் தாழ்வுபாடு. இலங்கையின் மிக வரண்ட பகுதிகளுள் ஒன்றாகிய இத்தீவில் ஆண்டு முழுவதற்கும் பெய்யும் மழை ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றரே. ஆனால் அந்த மழையின் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுக்குள், அதிலும் சில இரவுகளின் அடைமழையாகவே, வந்து தீர்ந்துவிடுகிறது என்பதை அங்கே ஒரு மாரியைக் கழித்தவர்கள் அறிவார்கள். எஞ்சிய மாதங்களில் குடிநீருக்கு அலையும் அதே ஜனங்கள், அந்த இரவுகளில் அடுப்படிக்குள் புகுந்த தண்ணீரை வாளியால் அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருப்பார்கள். இவ்விரு கஷ்டங்களும் வெவ்வேறானவை என்று நெடுங்காலமாக நாம் எண்ணிவந்திருக்கிறோம்; அவை ஒன்றே என்பதும், இரண்டுக்கும் ஓரளவு பரிகாரமாகக்கூடிய எளிய உபாயம் ஒன்று உண்டு என்பதும் இக்கட்டுரையின் விஷயம்.

மணலில் பெய்த மழை மணலுக்குள்தானே போகவேண்டும் என்பது நியாயமான கேள்வி. ஐப்பசியின் முதல் மழைகள் அப்படித்தான் போகின்றன. சோளகக்காற்றில் காய்ந்து கிடந்த மணல் அவற்றைத் தடமில்லாமல் உறிஞ்சிவிடுகிறது. ஆனால் தீவின் நிலத்தடி நீர்மட்டம் ஆழத்தில் இல்லை. மழை தொடரத் தொடர அது மேலே ஏறி, கார்த்திகை நடுவுக்குள் தாழ்ந்த காணிகளில் நிலத்தின் மேற்பரப்பையே எட்டிவிடுகிறது. அதற்குமேல் பெய்யும் ஒவ்வோர் அங்குல மழைக்கும் உள்ளே இடமில்லை. மணல்மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் தேங்கி, பள்ளம் நிரம்பியதும் அடுத்த பள்ளத்துக்குச் சரிந்து, கடைசியில் கரையோரத் தொடுவாய்களின் வழியே கடலில் சேருவதே அந்த நீரின் பழைய மார்க்கம். மனிதன் வீடு கட்டுமுன்பு இந்தப் பிரயாணத்துக்கு இடையூறு அதிகமில்லை. இன்றோ பள்ளமான காணியே மலிவான காணியாதலால் புதுக் குடியிருப்புகள் பள்ளத்தைத் தேடியே போகின்றன, வீதிகள் உயர்த்தப்படுகின்றன, மதில்கள் எழுகின்றன, ஒருவர் தம் வளவை மண்போட்டு உயர்த்தியதும் அந்தத் தண்ணீர் அயலாரின் வளவுக்குப் போகிறது. சாந்திபுரம், எமில்நகர், ஜிம்றோன்நகர் என்னும் பெயர்கள் மாரிதோறும் வெள்ளச் செய்திகளில் அடிபடுவது இதனாலேதான். தென்கரையோரமாக 2020 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட 103.5 மெகாவாற் திறனுள்ள காற்றாலைப் பண்ணையின் 30 கோபுரங்களுக்கென அமைந்த பாதைகளும் மேடைகளும் நீரோட்டத்தை மறித்துவிட்டன என்பது தீவு மக்கள் இடைவிடாது சொல்லிவரும் முறைப்பாடு. 2025 இல் மன்னார் நகரில் நாள்கணக்காக நடந்த போராட்டத்திலும் அந்தக் குரல் ஓங்கி ஒலித்தது. ஒரு பாதையைக் கடலோரத்துக்குச் சமாந்தரமாக உயர்த்தி அமைக்கும்போது அதன் கீழே தண்ணீர் போக எத்தனை இடத்தில் வழி விடுவது என்ற கேள்வி, பாதை போடுமுன்பே கேட்கப்படவேண்டியது; போட்டபின் கேட்டால் விடை கிடைப்பதற்குள் பல மாரிகள் கடந்துவிடும்.

வெள்ளம் வந்ததும் எல்லோருக்கும் தோன்றும் பரிகாரம் ஒன்றே: வெட்டிவிடு, கடலுக்கு ஓடட்டும். அவசரத்தில் அதைச் செய்யத்தான் வேண்டும். அப்படி வெட்டும் இளைஞர்களை நான் குறைகூறவில்லை. ஆயினும் அதைமட்டுமே நம்பியிருப்பதற்குத் தடைகள் மூன்று உண்டு. தீவின் தரை கடல்மட்டத்துக்குச் சில மீற்றரே உயர்ந்திருப்பதால் வாய்க்காலுக்குச் சரிவு கிடைப்பதில்லை. ஆகவே தண்ணீர் ஓடுவதில்லை, நகருகிறது. சோளகக் காலத்து அலைகள் கரையில் மணலை ஏற்றித் தொடுவாயை அடைத்துவிடுவதால், மாரி வரும்போது வாய்க்காலின் வாய் மூடிக்கிடக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, மேற்காணியின் தண்ணீரை விரைவாக ஓட்டிவிட்டால் அது கடலை அடையுமுன் கீழ்க்காணியின் குடிசைகளை அடைந்துவிடுகிறது என்பது. வெள்ளத்தை வேகப்படுத்துவது வெள்ளத்தைத் தீர்ப்பதாகாது. பெரும்பாலும் அது வெள்ளத்தின் விலாசத்தை மாற்றுவதாகவே முடியும்.

இங்கேதான் வேறொரு யோசனை உதவிக்கு வருகிறது. கெடுதி செய்வது தண்ணீரின் மொத்த அளவன்று. அத்தனையும் ஒரே நேரத்தில் வந்து சேருவதே. போத்தலுக்கு எண்ணெய் வார்க்கும்போது வைக்கும் புனல் செய்யும் காரியத்தை நிலத்தில் ஒரு பள்ளமும் கட்டும் செய்யுமாயின், மூன்று மணி நேரத்தில் திரண்டு வந்த பிரவாகம் இரண்டு நாள் சிறு ஓட்டமாகப் போய்ச் சேரும். இதற்கென அமைக்கும் குளத்தின் கட்டில், அடிமட்டத்திலேயே கதவில்லாத ஒரு குழாய் வைத்திருப்பார்கள். சாதாரண மழையில் வந்த நீர் வந்தபடியே அதனூடாகப் போய்விடும். குளம் வெறுமையாகவே கிடக்கும். பெருமழையில் வரத்து குழாயின் சக்தியை மீறும்போதுதான் மிச்சம் தேங்கத் தொடங்கும். மழை ஓய்ந்தபின் அதுவும் அதே குழாயால் வடிந்துவிடும். திறக்க ஆளில்லை, மூட ஆளில்லை. நள்ளிரவில் எவரும் ஓடிவந்து பலகை தூக்கவேண்டியதில்லை. கண்காணிப்பாளர் உறங்கினாலும் அது தன் வேலையைச் செய்யும் என்பதே இந்த நிர்மாணத்தின் விசேஷம்.

கணக்கொன்று போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 100 ஏக்கர் விஸ்தீரணமுள்ள குடியிருப்பு ஒன்றில், மூன்று மணி நேரத்தில் 100 மில்லிமீற்றர், அதாவது நாலு அங்குல மழை பெய்வதாக வைத்துக்கொள்வோம். விழுந்த நீர் ஏறத்தாழ 40,000 கனமீற்றர். அதில் பாதி மண்ணிலும் மரத்திலும் சிறு குழிகளிலும் தங்கிவிட, மறுபாதியாகிய 20,000 கனமீற்றர் தரையில் ஓடிவரும் எனின், அந்த மூன்று மணி நேரமும் விநாடிக்குச் சராசரி 1,900 லீற்றர் தண்ணீர் ஊரின் தாழ்ந்த மூலையை நோக்கி வந்துகொண்டிருக்கும். வீதியோரக் காண் எதுவும் அதைத் தாங்காது. அந்த மூலையில் நாலரை ஏக்கர் பரப்பில், ஒரு மீற்றர் ஆழம் நீர் நிற்கக்கூடிய குளமொன்றும், கட்டின் அடியில் ஒன்றேகால் அடி விட்டமுள்ள கொங்கிறீற்றுக் குழாய் ஒன்றும் இருக்குமாயின், குளம் நிரம்பி நிற்கும் உச்சக்கட்டத்திலும் குழாய் வழியே கீழே போவது விநாடிக்கு 230 லீற்றர் அளவே. எட்டிலொரு பங்கு. நீரின் ஆழம் இரட்டித்தாலும் குழாயின் ஓட்டம் இரட்டிப்பதில்லை, ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை. ஆதலால் குளம் ஏற ஏறக் கீழே உள்ளவர்களுக்குப் பயம் அந்த விகிதத்தில் ஏறுவதில்லை. ஏறக்குறைய இரண்டு நாளில் குளம் வடிந்து அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். 100 ஏக்கருக்கு நாலரை ஏக்கர் கொடுக்கவேண்டியிருப்பது சிலருக்குப் பெரிதாகத் தோன்றலாம். அந்த நாலரை ஏக்கரை இப்போது நாம் கொடுக்காமலில்லை. பிறர் வீட்டுத் திண்ணையாகவும் பாடசாலை முற்றமாகவும் ஒவ்வொரு மாரியிலும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

உலகத்தில் இது புதிய கண்டுபிடிப்பன்று. பிரான்ஸ் தேசத்தில் லுவார் நதியின் மேற்பகுதியில், ரோவான் நகருக்கு மேலே பினே என்னுமிடத்தில், ஆற்றின் வழியைக் குறுக்கி வெள்ளத்தைப் பின்னால் நிறுத்திவைக்கும் கட்டொன்று 1711 ஆம் ஆண்டிலேயே எழுந்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் அதைக் கவனமாக ஆராய்ந்தவர் ஆர்தர் மோர்கன் என்னும் அமெரிக்க எந்திரி. 1913 மார்ச்சு மாதத்தில் ஒஹையோ மாகாணத்து டேட்டன் நகரத்தை மயாமி நதி மூழ்கடித்து அந்தப் பள்ளத்தாக்கில் 360 க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அரசாங்கத்தின் கையை எதிர்பாராமல் நகர மக்களே திரட்டிய நிதியைக்கொண்டு தொடங்கிய முயற்சியில், மோர்கனின் திட்டப்படி 1922 க்குள் ஐந்து மண்ணணைகள் எழுந்தன. ஐந்திலும் கதவு கிடையாது. அணைகளின் பின்னேயுள்ள நிலத்தில் சாதாரண காலத்தில் பயிர்ச்செய்கை நடக்கிறது. இந்த அணைகள் வெள்ளத் தடுப்புக்காக மாத்திரமே எழுந்தவை என்றும், மின்சாரம் எடுக்கவோ நீர் சேமிக்கவோ இவற்றைப் பயன்படுத்தினால் கீழேயுள்ள நகரங்களுக்கு அது ஆபத்தாகும் என்றும் அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். நூறாண்டுக்கு மேலாக அவை காத்துவருகின்றன; 1913 ஐப் போன்றதொரு நாசத்தை டேட்டன் பின்னர் கண்டதில்லை.

அந்த எச்சரிக்கையைக் குளங்களின் தேசமாகிய நம் தேசத்தார் விசேஷமாகக் கவனிக்கவேண்டும். ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடுத்துவிட்ட கிராமக் குளங்கள், மேற்குளத்தின் மிகைநீரைக் கீழ்க்குளம் ஏற்று, அதன் மிகையை அதற்கடுத்தது ஏற்று, மழையின் ஆவேசத்தைப் படிப்படியாகத் தணித்துவந்திருக்கின்றன. உணவு விவசாய ஸ்தாபனம் இலங்கையின் இந்தக் குளத்தொடர் முறையை உலகப் பாரம்பரிய விவசாய முறைமைகளுள் ஒன்றாக அங்கீகரித்திருக்கிறது. மன்னார்ப் பெருநிலப்பரப்பில் அருவியாற்றைத் தேக்கம் அணையில் மறித்து வாய்க்கால் வழியாகக் கட்டுக்கரைக் குளத்தை நிரப்பி, அதிலிருந்து எண்ணற்ற சிறு குளங்களுக்கு ஊட்டும் ஏற்பாட்டை அறியாத கமக்காரர் அந்தப் பக்கத்தில் இல்லை. ஆயினும் கமத்துக்கான குளத்துக்கும் வெள்ளத்துக்கான குளத்துக்கும் நோக்கம் நேர்மாறானது. முன்னது மார்கழியில் நிரம்பியிருந்தால்தான் சிறுபோகத்துக்கு நம்பிக்கை. பின்னது மார்கழியில் வெறுமையாக இருந்தால்தான் ஊருக்கு நம்பிக்கை. நிரம்பிய குளத்தின்மேல் இன்னொரு பெருமழை வந்தால் அது தடுப்பதற்குப் பதிலாகத் தானே ஆபத்தாகிவிடுகிறது. 1957 டிசம்பர் மாதத்துப் பெருமழையில், அருவியாற்றின் மேற்பகுதியிலுள்ள நாச்சதூவக் குளம் உட்படப் பல குளங்கள் உடைப்பெடுத்து, மேற்குளத்தின் வெள்ளம் கீழ்க்குளத்தின் கட்டையும் அள்ளிக்கொண்டு போன கதையை வன்னியிலும் அநுராதபுரப் பக்கத்திலும் முதியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே தாழ்வுபாட்டுப் பக்கத்தில் வெள்ளத்தைத் தணிப்பதற்கென்று ஒரு குளம் வெட்டிவிட்டு, தண்ணீர் நிற்பது கண்ணுக்கு அழகாயிருக்கிறதே என்று அடிக்குழாயை அடைத்துவிடுவோமாயின், அந்தக் குளம் வெட்டாமலிருப்பதே மேல்.

இனி, சிறு கட்டுத்தானே என்று அலட்சியமாகப் பேசப்படும் விஷயத்துக்கு வருவோம். ஆறடி உயரக் கட்டு ஓர் அணையாகுமா என்று கேட்பவர்கள், அதன் பின்னே நிற்பது பதினெண்ணாயிரம் கனமீற்றர் நீர், அதாவது 18,000 தொன் பாரம் என்பதையும், அதற்குக் கீழே சில நூறு யார் தூரத்தில் பிள்ளைகள் உறங்குகிறார்கள் என்பதையும் நினைக்கவேண்டும். மண் கட்டின் மேலாகத் தண்ணீர் வழிந்தால், வழியத் தொடங்கிய இடத்தில் மண் கரைந்து, கரைந்த வாயால் மேலும் தண்ணீர் பாய்ந்து, அரை மணி நேரத்தில் ஒன்றுமில்லாமற் போய்விடக்கூடும். மணற்பாங்கான மன்னார் மண்ணில் அதற்கு அவ்வளவு நேரமும் வேண்டியதில்லை. எனவே ஒரு கட்டை அமைப்பவன் முதலில் யோசிக்கவேண்டியது, தான் எதிர்பார்த்த மழையைப் பற்றியல்ல, எதிர்பாராத மழையைப் பற்றியே. எதிர்பாராத மழையின் நீர் எங்கே போகவேண்டும் என்று காட்டிவிடுவது வான். கட்டின் உச்சியிலும் இரண்டு மூன்று அடி தாழ்வாக, அகலமாக, கல்லோ கொங்கிறீற்றோ பரப்பி, வழிந்த நீர் குடியிருப்பின் பக்கம் திரும்பாமல் தொடுவாயை நோக்கிப் போகும்படி கால்வாயும் வெட்டி அமைத்த வானில்லாத கட்டை, எவ்வளவு அழகாகப் புல் பதித்திருந்தாலும், பாதுகாப்பான கட்டு என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

வானைக் கெடுத்ததால் விளைந்த விபரீதத்துக்கு உலகறிந்த உதாரணம் பென்சில்வேனியா மாகாணத்து ஜோன்ஸ்டவுண். அந்நகருக்கு மேலேயிருந்த சவுத் போர்க் என்னும் பழைய மண்ணணையைச் செல்வந்தர் கழகமொன்று உல்லாச ஏரியாக வைத்திருந்தது. அடிமட்டத்து வெளியேற்றுக் குழாய்கள் கழற்றப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டிருந்தன. வண்டிகள் எதிரெதிரே போகவேண்டும் என்பதற்காகக் கட்டின் உச்சி தாழ்த்தப்பட்டிருந்தது. வளர்க்கும் மீன்கள் ஓடிவிடக்கூடாதென்று வானின் குறுக்கே வலைக்கம்பிகள் பொருத்தப்பட்டிருந்தன. 1889 மே 31 ஆம் தேதி பெய்த மழையில் அந்தக் கம்பிகளில் மரமும் குப்பையும் அடைத்துக்கொள்ள, நீர் கட்டின் மேலாக வழிந்து, அணை உடைந்து, 2,209 உயிர்கள் போயின. ஒவ்வொரு மாற்றமும் செய்தபோது அற்பமாகவே தோன்றியிருக்கும். நம் பக்கத்துக் கிராமக் குளங்களின் வான்வாயில் மீன்பிடிக்கப் பட்டி கட்டுவதும், இன்னுமோர் அடி நீர் நிற்கட்டும் என்று மண்மூட்டை அடுக்குவதும் அதே இனத்துக் காரியங்கள் என்பதைச் சொல்லாமல் விடமுடியாது.

மழையே இல்லாத இரவிலும் கட்டு உடையும். 1986 ஏப்ரல் 20 ஆம் தேதி அதிகாலையில், மாரியும் வெள்ளமும் இல்லாத காலத்தில், கந்தளாய்க் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உறக்கத்திலேயே மாண்டார்கள். அங்கே தண்ணீர் மேலாக வழியவில்லை. கட்டின் உள்ளாகவே கசிந்து வழி தேடிக்கொண்டது. இத்தகைய கசிவு முதலில் தென்படுவது கட்டின் வெளிச்சரிவின் அடியில், புல் மற்ற இடத்தைவிடப் பச்சையாக நிற்கும் ஒரு திட்டாகத்தான். அந்தத் திட்டில் காலை வைத்தால் மண் மெத்தென்று அமுங்கும்; குந்தியிருந்து பார்த்தால் ஊசித்துளை போன்ற ஓர் ஊற்று மெல்லக் கொப்பளித்துக்கொண்டிருக்கும். உள்ளங்கையில் ஏந்திய நீர் தெளிவாக இருந்தால் கவனித்துவரலாம். கலங்கி, விரலிடையில் நைந்த மண்துகள் நெருடினால், கட்டின் உட்புறம் துகள் துகளாக வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நிமிஷத்திலேயே கீழேயுள்ளவர்களை எழுப்பவேண்டும். கொங்கிறீற்றுக் குழாய் மண்ணோடு சேரும் இடம், உடும்பும் எலியும் வளை தோண்டிய இடம், கட்டின்மேல் தானாக முளைத்து வளர்ந்த பனையோ வேம்போ பட்டுப்போய் அதன் வேர் உக்கிய இடம், மாடுகள் நாள்தோறும் ஏறியிறங்கிப் பள்ளமாக்கிய தடம் ஆகியவையே கசிவு விரும்பித் தேடும் வாசல்கள். பனை நமக்குக் கற்பகதருவாயினும் குளக்கட்டில் அதற்கு இடமில்லை.

மன்னார்த் தீவின் மண்ணுக்குரிய சில விசேஷங்களையும் சொல்லவேண்டும். தனி மணலால் கட்டு எழுப்பக்கூடாது. பெருநிலப்பரப்பிலிருந்து களிமண் கொண்டுவந்து நடுவே வைத்து, படைபடையாக நனைத்துத் திமிசு போட்டு இறுக்கி, இருபுறமும் ஓர் அடி உயரத்துக்கு மூன்றடியாவது சரிவு விடவேண்டும். ஆழமாகத் தோண்டுவதிலும் பிரயோசனமில்லை. மாரியில் நிலத்தடி நீரே ஊறிவந்து பள்ளத்தை நிரப்பிவிட்டால் வெள்ளத்துக்கு அங்கே இடமேது? அகன்ற, ஆழங்குறைந்த குளமே இத்தீவுக்கு ஏற்றது. அதில் நின்ற இரண்டு நாளில் உறிஞ்சப்படும் நீர் வீணாகப் போவதுமில்லை. தீவின் கீழே நன்னீர், கனத்த உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் ஏறினால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் தங்கும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய அறிஞர் கண்ட விதி. கார்த்திகையில் அவசரப்பட்டுக் கடலுக்கு ஓட்டிவிட்ட தண்ணீர், வைகாசியில் கிணறு உவர்க்கும்போது நமக்கு நினைவுக்கு வருகிறது.

நுளம்பைப் பற்றிய பயமும் நியாயமானதே. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகப் பிரகடனம் செய்தது. அதே ஆண்டு டிசம்பரில், அதுவரை இந்நாட்டில் காணப்படாத அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் மலேரியா நுளம்பினம் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது இந்த மன்னார்த் தீவிலேதான். முட்டை நுளம்பாக ஒரு வாரத்துக்குக் குறையாது செல்லும். ஆகவே இரண்டு மூன்று நாளில் முற்றாக வடியும் குளம் நுளம்பை வளர்க்காது. வடியாமல் மூலையில் தேங்கும் குளம் வளர்க்கும். தரையைக் குழாய்வாயை நோக்கிச் சரித்துச் சமப்படுத்துவது அழகுக்கான வேலையன்று, வைத்தியம். பிள்ளைகளின் விஷயமும் அப்படியே: வரண்ட காலத்தில் அந்த நாலரை ஏக்கரும் பந்தடிக்கும் வெளியாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும், ஆனால் நேற்று முழங்காலளவு நின்ற இடத்தில் இன்று கழுத்தளவு நிற்கும் என்பதைச் சிறுவன் அறியான். கரை எங்கும் நடந்து ஏறக்கூடிய சரிவாகவும், குழாய்வாய் ஆளை இழுக்காதபடி சாய்வான கம்பிக்கூட்டினால் மூடியும் இருக்கவேண்டும். கம்பிக்கூடு குழாய்க்கு, வானுக்கு அன்று.

இந்தச் சிறு நிர்மாணத்தின் வரம்பையும் மறைக்கக்கூடாது. 1964 டிசம்பர் 22 ஆம் தேதி இரவு தலைமன்னாரையும் எதிர்க்கரைத் தனுஷ்கோடியையும் அழித்த சூறாவளியைப் போல சமுத்திரமே எழுந்து வந்தால் குளக்கட்டு எதையும் செய்யாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு அருவியாறு பெருகியதைப் போன்ற ஆற்று வெள்ளத்துக்கும் இது பதிலன்று. அது பெருநிலப்பரப்பின் பிரச்சினை, அதற்கு வேறு அளவில் யோசிக்கவேண்டும். ஊரின் தலையில் பெய்து ஊரின் காலிலேயே தேங்கும் மழைக்குத்தான் இது மருந்து. ஆனால் தாழ்வுபாட்டார் ஆண்டுதோறும் அனுபவிப்பது பெரும்பாலும் அந்த மழையைத்தான்.

யார் பராமரிப்பது என்பதே கடைசியாகவும் கடினமாகவும் நிற்கும் கேள்வி. பெரிய நீர்த்தேக்கங்களுக்கு 1900 ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட நீர்ப்பாசனத் திணைக்களம் உண்டு; கந்தளாய் உடைந்த நெடுங்காலத்துக்குப் பின்னராயினும், உலக வங்கியின் கடனுதவியோடு 2008 இல் தொடங்கிய திட்டத்தில் பேரணைகள் பலவற்றின் பாதுகாப்புக் கவனிக்கப்பட்டது. கிராமத்துச் சிறு குளங்களுக்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் கமக்கார அமைப்புகளும் உண்டு. விளைச்சல் கிடைப்பதால் கமக்காரன் தானாகவே கட்டைப் பார்த்துக்கொள்வான். நெல் விளையாத, மீனும் இல்லாத, ஆண்டில் பத்து நாள் மாத்திரம் தண்ணீர் நிற்கும் குளத்தை யார் பார்ப்பார்? ஒரு பெருமழையும் வராத நாலைந்து ஆண்டுகள் கடந்துவிட்டால் அந்த வெளியில் முதலில் குப்பை விழும், பின்னர் வேலி விழும், பின்னர் வீடு எழும். குழாய்வாயில் பனையோலையும் பொலித்தீன் பையும் அறுந்த வலைத்துண்டும் அடைந்து கிடக்கும். ஆகவே இது கட்டிமுடித்துத் திறப்புவிழா நடத்திவிட்டுப் போகும் காரியமன்று. பிரதேசசபையின் வருடாந்தச் செலவுக் கணக்கில் ஒரு தனி வரியாக என்றும் நிற்கவேண்டிய காரியம். ஆவணி பிறந்ததும் குழாயைத் துப்புரவு செய்வது, கட்டில் முளைத்த செடிகளைப் பிடுங்குவது, வளைகளை மூடுவது, வானின் மட்டத்தை அளந்து பார்ப்பது ஆகிய நான்கு வேலைகளையும் நாலு பேர் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். கார்த்திகை இரவில் கட்டைச் சுற்றிப் பார்த்துவர அவ்வூர் மீனவர் சங்கத்தாரைவிடத் தகுதியானவர்கள் யாருமில்லை. காற்றையும் நீரையும் முகம் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

இதைக் கட்டுவதற்குப் பணம் இன்று கிடைக்கலாம், பத்து ஆண்டு கழித்தும் கிடைக்கலாம். ஆனால் பள்ளம் பத்து ஆண்டு கழித்துக் கிடைக்காது. நகரத்துக்கும் தாழ்வுபாட்டுக்கும் கீரி என்னும் ஊருக்கும் இடையே வெறுமையாக எஞ்சியிருக்கும் தாழ்நிலங்களை மாரி நடுவில் நீர் நிற்கும்போதே போய்ப் பார்த்து, நீர் நிற்கும் எல்லையில் கல் நாட்டி, அவற்றை நிரப்புவதற்கோ பிரித்து விற்பதற்கோ இனி அனுமதியில்லை என்று மன்னார் நகரசபையும் பிரதேசசபையும் ஒரு தீர்மானம் நிறைவேற்றவேண்டும். அடுத்த கார்த்திகைக்கு முன் அதைச் செய்யும்படி அச்சபைகளின் அங்கத்தவர்களை அவர்களுக்கு வாக்களித்த மக்கள் நேரில் சென்று கேட்பார்களாக.